பாதிக் கதையை விழுங்கிய படம்

எமிலி பிராண்டி எழுதி 1847-இல் வெளியான 'உதரிங் ஹைட்ஸ்' என்ற ஆங்கில நாவல், 2026-இல் மறுபடியும் படமாக வந்தது. நாவலைப் படித்தவர்களிடம் மறுபடியும் அதே முணுமுணுப்பு. இது இன்று நேற்று வந்த குறை அல்ல. 1939-இல் வில்லியம் வைலர் எடுத்த படத்தையே பாருங்கள். லாரன்ஸ் ஒலிவியரின் நடிப்பு பிரமாதம். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. பின் என்ன குறை?

கதை இதுதான். அநாதைப் பையன் ஹீத்கிளிஃப், தன்னை எடுத்து வளர்த்த வீட்டுப் பெண் காதரின்மேல் பித்தாகிறான். அவளோ பணக்காரனை மணக்கிறாள். ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டுக் கண்ணை மூடுகிறாள். இது நாவலில் பாதிதான்! பிறகுதான் அவன் வெறி முற்றுகிறது. தன்னை அடித்து உதைத்தவனின் மகனை எழுத்து வாசனையே இல்லாமல் வளர்க்கிறான். காதலியின் மகளைப் பூட்டி வைத்து, சாகக் கிடக்கும் தன் மகனுக்குக் கட்டி வைக்கிறான். எல்லாம் சொத்துக்காக, பழிக்காக. பெரியவர்களின் காதலுக்குப் பிள்ளைகள் கட்டிய வட்டி இது.

1939 படத்தில் அந்தப் பிள்ளைகளே இல்லை. இறந்த காதலர்கள் ஆவிகளாகச் சேர்ந்து நடப்பதோடு படம் முடிகிறது. டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை; தயாரிப்பாளர் கோல்ட்வின்தான் பிடிவாதமாகச் சேர்த்தார்.

1992-இல் வந்த படம் பிள்ளைகளை மறக்கவில்லை. தாய், மகள் இரண்டு வேடமும் ஜூலியட் பினோஷுக்கு. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு தலைமுறை! பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது.