பொன்னாடை வேண்டா, படிக்க நேரம் வேண்டும்

ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் வேளையில் நம் சமுதாயத்தில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறுகிறது. தோட்டப்புறத்து ஏழை மாணவி ஒருத்தி எட்டு ஏ, ஒன்பது ஏ என்று சிறந்த தேர்ச்சி பெற்றுவிட்டால், சங்கங்கள் அவளைத் தேடிச் செல்கின்றன. பொன்னாடை போர்த்துகின்றன, உறையில் நூறு ரிங்கிட் வைத்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. “வைகறையில் எழுந்து சமைத்தாள், தம்பி தங்கையரைப் பேணினாள், விடுமுறையில் தந்தைக்குச் செம்பனைக் காட்டில் துணை நின்றாள், இருந்தும் வென்றாள்” என்று ஏடுகள் எழுதுகின்றன. படிப்போர் கண் கலங்குகின்றனர்.

அந்த “இருந்தும்” என்னும் ஒரு சொல்லில்தான் நம் குற்றம் ஒளிந்து கிடக்கின்றது. அவள் மீது அத்தனை சுமையை ஏற்றியவர் யார்? இறக்கி வைக்க முன்வராதவர் யார்? சுமையோடு ஓடி வென்றவளைப் பாராட்டுகின்றோம். அதே சுமையோடு ஓடி இடையில் விழுந்தவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. தோட்டப்புறத்து மாணவிக்குக் குறைவாக இருப்பது அறிவும் அன்று, ஆர்வமும் அன்று, நேரம். அந்த நேரத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாமே.

ஐந்தாம் படிவத்தில் பயிலும் தோட்டத்து மூத்த மகளின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட வேண்டும். ஆதலால், நாலரை மணிக்கே அடுப்பைப் பற்றவைப்பது அவள் பொறுப்பு. ஆறு மணிக்கு வேன். பள்ளியில் ஏழு மணி நேரம். வீடு திரும்பும்போது மூன்றரை. பின்னர்த் துணி துவைத்தல், வீடு கூட்டுதல், கோழிக்கும் ஆட்டுக்கும் தீனி, பாட்டிக்கு மருந்து, இரவுச் சமையல், பாத்திரம். புத்தகத்தை விரிக்கும்போது மணி ஒன்பது. காலையில் ஒரு மணி, மாலையில் நான்கு மணி என்று நாள்தோறும் ஐந்து மணி நேரம் வீட்டு வேலையிலேயே கரைந்து போகின்றது.

நாட்டின் சட்டம் இதுபற்றி என்ன சொல்கின்றது? 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம், பள்ளி செல்லும் இளையோர் ஒருவர் கூலிவேலை செய்தால், பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளில் எட்டு மணியைத் தாண்டலாகாது என்று வரையறுக்கின்றது. பள்ளியில் ஏழு மணி கழிந்தால் வேலைக்கு எஞ்சுவது ஒரு மணியே. அந்நியன் ஒருவன் அவளை ஐந்து மணி நேரம் வேலை வாங்கினால் அது குற்றம். நாம் வாங்கினால் அது குடும்பப் பாங்கு! கூலி கொடுக்காத ஒரே காரணத்தால் அவ்வேலை வேலை ஆகாமல் போய்விடுமா?

விடுமுறை நாளிலேனும் ஓய்வு உண்டா என்றால், அதுவும் இல்லை. செம்பனையில் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை அதே நிரையில் குலை வெட்ட வேண்டும். குலை விழும்போது சிதறும் உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் மிகுதி. அதனை ஒன்று விடாமல் பொறுக்கிச் சாக்கில் சேர்க்க வேண்டும். எடைக் கணக்கில் கூலி என்றால் இன்னும் இரண்டு கைகள் இருப்பது வருமானம். இதற்காகப் பெற்றோரைப் பழிப்பது அறமாகாது. 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல்தான் 1,700 ரிங்கிட்டைத் தொட்டது. அதனைக் கொண்டு ஐந்தாறு வயிறுகளை நிரப்புவோர் பிள்ளையின் கையை எதிர்பார்ப்பது பேராசையால் அன்று. ஆனால் வறுமையே முழுக் காரணம் என்றால், அதே வீட்டின் மகன் மாலையில் பந்து விளையாடச் செல்வது எப்படி? ஒரே கூரையின்கீழ் வறுமை மகளை மட்டும் தேடிப் பிடிக்கின்றதா?

“பெண் பிள்ளை வேலை பழக வேண்டாமா?” என்று கேட்பர். சோறு வடிக்கப் பழகுவதற்கு ஒரு திங்கள் போதும், பத்தாண்டுகள் வேண்டியதில்லை. பழகுதல் நன்று என்றால் மகனும் பழகட்டும், அவனுக்கும் பசிக்கும்.

“நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து முன்னேறவில்லையா?” என்று மேடையில் முழங்குவோரும் உளர். முன்னேறியவர்தாம் மேடைக்கு வந்து பேசுகின்றனர். அதே விளக்கின்முன் கண் அயர்ந்து, படிப்பை இழந்து, பால்மரக் காட்டிற்கே திரும்பியவர்கள் மேடை ஏறுவதில்லை. பிழைத்தவனின் சொல்லை மட்டும் கேட்டு ஆற்றின் ஆழத்தை அளக்கலாகாது.

“தோட்டங்களே அழிந்துவிட்டன, இன்னும் ஏன் பழங்கதை?” என்பது மற்றொரு வாதம். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், நிலங்கள் நகரங்களாக மாறியதும், காடுகளில் அந்நியத் தொழிலாளர் நிறைந்ததும் உண்மையே. அதனால் எஞ்சியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இன்னல் கூடியதே அன்றிக் குறையவில்லை. பிள்ளைகள் குறைந்தால் வேன் ஒருமுறைதான் வரும். மாலைக் கூடுதல் வகுப்பிற்கு இருந்தால் வீடு திரும்ப வழியில்லை. தேசிய மொழி, வரலாறு ஆகிய இரண்டில் ஒன்று தவறினாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது; வரலாறு 2013 முதல் அந்நிலையை அடைந்தது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் மூன்றாம் படிவப் பொதுத்தேர்வு 2022-இலும் அகற்றப்பட்டதால், இன்று ஐந்தாம் படிவத்தில் இருப்பவள் தன் வாழ்வில் எழுதும் முதல் பெரும் பொதுத்தேர்வே இதுதான். முதல் தேர்வே முடிவுத் தேர்வாகவும் அமைந்துவிட்ட அவளுக்குக் கூடுதல் வகுப்பு ஆடம்பரம் அன்று.

தமிழின் நிலையும் இதனோடு பிணைந்தது. தேசியப் பள்ளியில் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழி செய்யலாம் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகின்றது. பல பள்ளிகளில் அவ்வகுப்பு பாட நேரத்திற்கு அப்பால்தான் நடைபெறுகின்றது. வேன் போய்விட்டால் வகுப்பில் எவள் அமர்வாள்? எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதுவோர் தொகை பற்றி நாம் மாநாடு கூட்டிக் கவலைப்படுகின்றோம். ஒரு வேனின் இரண்டாம் நடைக்கு எண்ணெய்ச் செலவு தர முன்வருகின்றோமா?

எழுத்தாளராகிய நமக்கும் இதில் பங்குண்டு. தம்பியின் படிப்பிற்காகத் தன் படிப்பைத் துறக்கும் அக்காளை எத்தனை சிறுகதைகளில் தெய்வமாக்கினோம்! அவள் ஏன் துறக்க வேண்டும் என்று கேட்ட கதைகள் எத்தனை? தியாகம் என்பது தானே விரும்பிச் செய்வது. பதினேழு வயதுப் பெண்ணிடம் கேளாமலே எடுத்துக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது, பறித்ததை மறைக்கும் பட்டுத்துணியே ஆகும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செயல்கள் அல்ல. தேர்வாண்டில் வீட்டு வேலையை ஆண் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ளட்டும். இரவு ஏழு முதல் ஒன்பது வரை அவள் புத்தகத்தை விட்டு எழக்கூடாது என்று தந்தையே ஆணையிடட்டும். திருவிழாவிற்கு விளக்கொளியில் மிளிரும் தோட்டத்துக் கோயில் மண்டபம், மற்ற நாள்களில் படிப்புக் கூடமாகத் திறந்திருக்கட்டும். சங்கங்கள் தேர்வு முடிந்தபின் வழங்கும் பணத்தைத் தேர்வுக்கு முன்னரே மாலை வேனுக்குச் செலவிடட்டும்.

இவற்றைச் செய்யாமல் அடுத்த ஆண்டும் பொன்னாடையோடு அவள் வாயிற்படியில் போய் நிற்போமாயின், நாம் போர்த்துவது அவள் தோளை அன்று, நம் வெட்கத்தையே.