எடை என்னன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?

மணாலிக்குப் போய்வந்தவங்க யாரையாவது பிடிச்சுக் கேளுங்க. பனியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்வாங்க. அப்புறம் அந்த டிரெஸ் கடைக் கதையை ஆரம்பிச்சா, டீ ஆறிப்போற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. எனக்கும் அதே வயித்தெரிச்சல்தான். ஒரு நாள் பனியில் விளையாட ஒரு உடை, ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு ஜோடி ஸ்கீ. காலையில் எடுத்து சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிற வாடகைச் சாமான். இவ்வளவு சின்ன வியாபாரத்துக்குள்ள எப்படிங்க இவ்வளவு அலட்சியம் குடியேறுச்சு?

மணாலி டவுனிலிருந்து பனி விளையாட்டு நடக்கிற சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 13 கிலோமீட்டர். வழிநெடுக வாடகைக் கடைகள். வாசலில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமா பனி உடைகள் தொங்கும். கடைப் பெயர் கண்ணில் படுதோ இல்லையோ, பெருசா ஒரு நம்பர் எழுதியிருக்கும். அந்த நம்பர் டிரைவருக்காக. ஹோட்டல் வாசலில் வண்டி கிளம்பும்போதே எந்த நம்பரில் நிற்கப்போகுதுன்னு முடிவாகியாச்சு. வழியில் ஒரு கடையில் உடைகள் புதுசா இருந்தது, வெயில் படற மாதிரி விரிச்சுப் போட்டிருந்தாங்க. "பையா, இங்கே நிறுத்துங்களேன்"னு கேட்டேன். "அது சரியில்லை மேடம்"னார். அவ்வளவுதான். வண்டி வேகம்கூடக் குறையலை.

கோபம் வந்தது. ஆனா அவர் பக்கமும் யோசிச்சுப் பார்த்தேன். வண்டிக் கடன், சில மாசமே ஓடற சீசன், கட்டணத்தில் டிராவல்ஸ்காரர் எடுத்துக்கிற பங்கு. மிச்சத்தைக் கடைக் கமிஷனில்தான் அவர் சரிக்கட்டணும். சரி, அந்தக் கமிஷன் எங்கிருந்து வருது? நான் கொடுக்கிற வாடகையிலிருந்துதானே. ஒரு பங்கு முன்னாடியே போயாச்சுன்னா துணி துவைக்க, ஜிப் மாத்த, பூட்ஸ் காயவைக்க எது மிஞ்சும்? டிரைவருக்கு அதிகம் கொடுக்கிற கடையில்தான் அதிக வண்டி நிற்கும். அதிகம் கொடுக்கணும்னா சாமானில் மிச்சம் பிடிக்கணும். வெயிலில் துணியை விரிச்சுப் போட்டிருந்தாரே, அந்த மனுஷர், அவர் கடை வாசலில் ஒரு வண்டியும் இல்லை. அதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறலை. ஒழுங்கா தொழில் செய்யறவர் தோற்கிற மாதிரி ஒரு ஏற்பாட்டை எல்லாருமா சேர்ந்து கட்டி வெச்சிருக்கோம்.

எங்க வண்டி நின்ன கடையில் எனக்குக் கிடைச்ச உடையோட உள்பக்கம் ஈரம். நேத்து யாரோட வியர்வையோ, யார் உட்கார்ந்த பனியோ. வாசனையைச் சொல்லி உங்க டீயைக் கெடுக்க விரும்பலை. கழுத்து ஜிப் பாதியில் நின்னுபோச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரும்பி வர்ற பஞ்சு வெச்ச உடை, மறுநாள் விடியறதுக்குள்ள அந்தக் குளிரில் எப்படிக் காயும்? காயாது. காயவைக்க சூடான ஒரு அறை வேணும், இல்லேன்னா ரெண்டு செட் வெச்சு மாத்தி மாத்திக் கொடுக்கணும். மேல்துணியில் தண்ணீர் ஒட்டாம இருக்கப் பூசியிருக்கிற பூச்சு தேய்ஞ்சு எத்தனை சீசன் ஆச்சோ. பனியில் முட்டி போட்ட கொஞ்ச நேரத்திலேயே எங்க அண்ணன் மகளுக்கு முழங்கால் நனைஞ்சுது. பதினோரு வயசுக் குழந்தை. உறைபனிக் குளிரில் நனைஞ்ச துணியோட நிற்கிறது விளையாட்டா?

கையுறை தனிக் காசு. சாக்ஸ் விலைக்கு வாங்கணும். ரெண்டு ஜோடி போடுங்க, குளிராதுன்னு தலையில் கட்டினாங்க. ஸ்கீ பூட்ஸுக்குள்ள மெல்லிசா ஒரே ஒரு ஜோடிதான் போடணும். தடியா ரெண்டு போட்டா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் ஜில்லிடும், கணுக்காலும் பூட்ஸுக்குள்ள சரியா உட்காராது. பனியோட பிறந்து வளர்ந்த ஊர்க்காரங்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா சாக்ஸ் விற்கணுமே.

இதெல்லாம் பொறுத்துக்கக்கூடியதுன்னே வெச்சுக்கலாம். துர்நாற்றம் குளிச்சா போயிடும். என்னை உலுக்கினது ஸ்கீ கொடுத்த விதம்.

ஸ்கீயில் பூட்ஸைப் பிடிச்சு வைக்கிற ஒரு கருவி உண்டு, பைண்டிங்னு பேர். முன்னாடி ஒண்ணு, குதிகாலில் ஒண்ணு. காலை ஸ்கீயோட பிணைக்கறதோட அதன் வேலை முடியலை. விழும்போது சரியான நேரத்தில் காலை விடுவிக்கவும் செய்யணும். 1930கள் வரைக்கும் அப்படி விடுவிக்கிற பைண்டிங் புழக்கத்தில் இல்லை. விழுந்தா ஸ்கீ காலோடவே திருகும், எலும்பு முறியும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறின யால்மார் வாம் என்ற ஸ்கீ வீரர் 1937இல் அப்படிக் கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில் கிடந்தப்போதான் கால் தானா கழன்றுவர்ற பைண்டிங்குக்கு யோசனை பிடிச்சார். அதுக்கப்புறம் அந்தக் கருவி எவ்வளவோ முன்னேறி, கீழ்க்கால் எலும்பு முறிவுகள் பெரிய அளவில் குறைஞ்சுது. முழங்கால் தசைநார்களை இன்னிக்கும் அது முழுசா காப்பாத்தறதில்லை. எலும்புக்கு அது பெரிய காவல்.

ஆனா அந்தக் காவல் வேலை செய்யணும்னா ஆளுக்கு ஏத்த மாதிரி திருகி வைக்கணும். எடை, உயரம், வயசு, அனுபவம், பூட்ஸ் அடிப்பாகத்தோட நீளம் மில்லிமீட்டரில். இந்த அஞ்சையும் வெச்சு அட்டவணையைப் பார்த்து ஒரு எண் எடுப்பாங்க. ஐஎஸ்ஓ 11088னு உலகத் தரமே இருக்கு. சின்னப் பிள்ளைகளுக்கும் ஐம்பது தாண்டினவங்களுக்கும் எண்ணை இன்னும் குறைச்சு வைக்கணும். புதுசா கத்துக்கறவங்களுக்கும் அப்படித்தான், ஏன்னா அவங்க வேகமா போய் விழறதில்லை. மெதுவா, திருகிக்கிட்டு விழுவாங்க. அந்த மெதுவான திருகலுக்கே ஸ்கீ கழன்று வரணும். ஆல்ப்ஸ் மலை ஊர்களில், கனடாவில், ஜப்பானில், வாடகைக் கடைக்குள்ள நுழைஞ்சா முதலில் நீட்டறது ஒரு படிவம். இந்த விவரத்தை எழுதிக் கொடுத்தாதான் ஸ்கீ கைக்கு வரும்.

எங்ககிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? "ஷூ நம்பர் என்ன?" அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரர் எண்பத்தஞ்சு கிலோ. அண்ணன் மகள் முப்பது கிலோவைத் தாண்டினாலே அதிசயம். ரெண்டு பேருக்கும் ஒரே குவியலிலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. அவளுக்கு வந்த ஸ்கீ அவ தலைக்கு மேல நிற்குது. முதல் தடவை ஏறற குழந்தைக்கு முகவாய் உயரம் போதும். பைண்டிங் மேல சின்னதா ஒரு ஜன்னலில் எண் தெரியும். குனிஞ்சு பார்த்தேன். அவருக்கும் 6. குழந்தைக்கும் 6. அவர் உடம்புக்கு அது ஓரளவு பொருந்தலாம். அவ எடைக்கு அதில் பாதிகூட இருக்கக்கூடாதுங்க. அந்த எண்ணில் அவ மெதுவா விழுந்தா ஸ்கீ விடாது. கால்தான் விடும்.

"பையா, இந்த எண்ணைக் குறைச்சுக் கொடுங்க"ன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "மேடம், எல்லாரும் இப்படியேதான் எடுத்துட்டுப் போறாங்க. ஒண்ணும் ஆகாது." ஸ்க்ரூடிரைவர் இருக்கான்னு கேட்டேன். இல்லை. ஸ்கீ வாடகைக்கு விடற கடையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை. குழந்தைக்கு ஸ்கீ வேண்டாம், காசைத் திருப்பிக் கொடுங்கன்னா, எழுதியாச்சாம், திருப்ப முடியாதாம். எங்கே எழுதினாங்க? பில் கேட்டதுக்கு அது வழக்கமில்லைன்னு பதில். ஆனா என்னோட ஒரிஜினல் ஆதார் கார்டு மட்டும் அவங்க டிராயருக்குள்ள பத்திரமா இருக்கு.

"அத்தை, எனக்கு மட்டும் ஏன் வேண்டாங்கறீங்க?"ன்னு அவ அழுதா பாருங்க, அங்கேதான் மனசு கொதிச்சுது. ஊரிலிருந்து விமானம், அப்புறம் ராத்திரி முழுக்க வால்வோ பஸ், வளைவு வளைவா மலை ரோடு, வாந்தி. எல்லாத்தையும் இந்த ஸ்கீக்காகப் பொறுத்துக்கிட்டு வந்த குழந்தை. அவகிட்ட பைண்டிங்கையும் ஐஎஸ்ஓவையும் எப்படி விளக்கறது? அந்தச் சரிவிலேயே இன்னொரு பையன், அவ வயசுதான் இருக்கும், காலைத் திருகிக்கிட்டு விழுந்தான். ஸ்கீ கழலவே இல்லை. அவங்க அப்பா ஓடிப்போய் குதிகால் பிடியை அழுத்திக் கழட்டிவிட்டார். பையன் எழுந்து நடந்தான், நல்லவேளை. சுத்தி நின்னவங்களுக்கு அது வெறும் விழுந்து எழறது. எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு.

இதில் இன்னொரு வருத்தம். எங்களோட வந்த கைடு பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது. எங்களை ஸ்கீயில் நிற்க வெச்சு, கம்பைப் பிடிச்சு நாலடி இழுத்துட்டுப் போய் போட்டோ எடுக்கறது, அதுக்குத்தான் அவனுக்குக் காசு. எங்களை விட்டுட்டு ஒரு நிமிஷம் மேல ஏறி, தேய்ஞ்சுபோன அதே ஸ்கீயில் கீழே வந்தான். அப்பா, என்ன நேர்த்தி! உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னே தெரியாம அவ்வளவு அழகா வளைஞ்சு வந்தான். மணாலிக்குப் பக்கத்தில் புருவா கிராமத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர்தானே 2018இல் துருக்கியில் வெண்கலம் வாங்கி, சர்வதேச ஸ்கீ போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் கொண்டுவந்தாங்க? 1961லேயே தொடங்கின மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அதே மணாலியில் இருக்கே, பனிக்காலத்தில் ஸ்கீ பயிற்சியும் நடத்துதே? தெரிஞ்சவங்க அந்த ஊரில் எக்கச்சக்கமா இருக்காங்க. அந்தப் பையன்கிட்ட தனியா கேட்டேன். எண்ணைக் குறைக்கணும்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. "கடையில் திருக விட மாட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் திருகினா நேரமாகும்"னான். எங்ககிட்ட வாங்கின காசில் அவனுக்கு என்ன கொடுக்கிறாங்கன்னு கேட்டப்போ தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

இந்தக் கடைகளை நம்பி வர்றவங்க எங்களை மாதிரி சோலாங் போறவங்க மட்டுமில்லை. முன்னே எல்லாம் பனிக்காலத்தில் மணாலிக்கு மேல இருக்கிற ரோத்தாங் கணவாய் மூடினா அதுக்கு அந்தப் பக்கம் லாஹௌலுக்குக் காரில் போக வழியில்லை. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தது. இப்போ பெரிய பனிப்பொழிவு இல்லாத நாளில் நேரே லாஹௌலில் இருக்கிற சிஸ்ஸு வரைக்கும் கார் போகுது. அந்தக் கார்களில் வர்றவங்களுக்கும் இதே ரோட்டில்தான் உடை, இதே குவியல்தான். மலையைக் குடைஞ்சு பாதை போட முடிஞ்ச நாட்டில், ஒரு குழந்தையோட எடையைக் கேட்டு ஒரு திருகைத் திருக முடியலையா?

சாயங்காலம் சாமானைத் திருப்பிக் கொடுத்தோம். காலையிலேயே பாதியில் நின்னுபோன அந்த ஜிப்புக்கு டேமேஜ் சார்ஜ் கேட்டாங்க. நான் காலையிலேயே சொன்னேனேன்னு வாதாடினேன். டிரைவர் பக்கத்தில் நின்னுக்கிட்டு ரோட்டைப் பார்க்கிறார். ஆதார் அவங்க கையில். வெளியே இருட்டிக்கிட்டு வருது, குழந்தை நனைஞ்ச சாக்ஸோட நடுங்கறா. கொடுத்துட்டு வந்தேன். நீங்களும் கொடுத்துட்டுத்தான் வந்திருப்பீங்க. ஒரு நாள் வந்து போறவங்க திரும்பி வந்து சண்டை போட மாட்டாங்கன்னு தெரிஞ்சு பிடுங்கற காசு இது. எத்தனை ஊரில் இதைப் பார்த்தாச்சு! படகுத் துறையில், குதிரை சவாரியில், பார்க்கிங்கில்.

பாராகிளைடிங்குக்கு இமாச்சலில் விதி இருக்கு. பைலட் பதிவு செய்யணும், கருவியைச் சோதிக்கணும். கடைப்பிடிக்கிறாங்களான்னு கேட்கவாவது ஒரு காகிதம் இருக்கு. தரையில் வழுக்கற விளையாட்டுக்கு அதே கண்டிப்பு ஏன் அந்த ரோட்டோரக் கடை வரைக்கும் வரலை? பெரிய செலவு ஒண்ணும் கேட்கலைங்க. ஒரு எடை மெஷின், ஒரு டேப், ஒரு ஸ்க்ரூடிரைவர், சுவரில் ஒட்ட ஒரு அட்டவணை. துணியையும் பூட்ஸையும் காயவைக்க ஒரு ஹீட்டர் அறை, தனியா முடியலைன்னா பத்து கடை சேர்ந்து ஒண்ணு. ஆதாரைப் பிடுங்கி வைக்காம ஒரு பில். எண்ணைத் திருகத் தெரிஞ்ச அந்தப் பையனுக்கு ஒரு அடையாள அட்டை, மாசச் சம்பளம். அந்த அட்டை இல்லாத கடை ஸ்கீயைக் கையில் தொடக்கூடாது. உடை மட்டும் வாடகைக்கு விடட்டும். அடுத்த டிசம்பரில் பனி விழறதுக்குள்ள இதைச் செய்ய நிர்வாகத்துக்கு நிறைய நேரம் இருக்கு. சுற்றுலாத் துறைக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கேன். பைண்டிங் எண்கள் ரெண்டையும் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், அதையும் சேர்த்து. போய்வந்தவங்க நீங்களும் எழுதுங்க.