சவானா உடும்பும் 40 காலன் பொய்யும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. இது உடும்பு வளர்ப்பது எப்படின்னு ஆசை காட்டுற பதிவு இல்லை, வாங்காதீங்கன்னு சண்டை போடற பதிவு. முழுசா படிச்ச பிறகும் "இல்லைய்யா, என்னால முடியும்"னு சொல்றவங்க இருந்தா தாராளமா வாங்குங்க. அந்தக் கொஞ்சப் பேரோட எனக்கு ஒரு தகராறும் இல்லை.

இன்னொண்ணு. இந்தியாவில் உடும்பு 1972ஆம் வருஷத்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. புலி இருக்கிற அதே அட்டவணை. பிடிச்சாலும் வீட்டில் வெச்சிருந்தாலும் மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரைக்கும் கம்பி எண்ணலாம். அதனால ஊர்ல இருக்கிறவங்க இந்தப் பேச்சுக்கே வராதீங்க. நான் சொல்றது, நான் குடியிருக்கிற டெக்ஸாஸ் மாதிரி இடங்களில் கடையில் பகிரங்கமா விக்கிற ஆப்பிரிக்க சவானா உடும்பைப் பத்தி.

கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து குஞ்சு குஞ்சா வந்து இறங்குது. கூண்டில் வெச்சு இனப்பெருக்கம் பண்ணினது ரொம்ப அபூர்வம். காட்டில் பிடிச்சதோ, சினை உடும்பைப் பிடிச்சு முட்டை எடுத்துப் பொரிச்சதோதான் அதிகம். உள்ளங்கையில் அடங்கற சைஸ். ரெண்டு பேர் ஓட்டல்ல சாப்பிடற காசுதான் விலை. கூடவே கடைக்காரரின் வசனம்: "புதுசா வளர்க்கறவங்களுக்கு ஏத்த பிராணி சார். 40 காலன் கண்ணாடித் தொட்டி போதும். மரச்சீவல் போடுங்க, ஒரு பல்பு மாட்டுங்க, வாரத்துக்கு ரெண்டு எலி."

இந்த வசனத்தில் ஒரு வரி கூட உண்மை இல்லை. ஒண்ணொண்ணா வருவோம்.

40 காலன் தொட்டின்னா மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம். வளர்ந்த சவானா உடும்பு வாலோட சேர்த்து மூணிலிருந்து நாலு அடி. அதாவது வாலை நீட்டிப் படுக்கக்கூட இடமில்லாத வீடு. "தொட்டி சைஸுக்கு ஏத்த மாதிரிதான் வளரும்"னு ஒரு கதை விடுவாங்க. சின்னச் சட்டை போட்டா பையன் வளராம இருப்பானா? வளரும், மடங்கி வளரும்.

அனுபவசாலிகள் குறைஞ்சபட்சம்னு சொல்றது எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். ஏன் எட்டடி? ஆடம்பரத்துக்கு இல்லைங்க. வெயில் காயற இடத்தில், உடும்பு படுக்கற மேற்பரப்பு 50லிருந்து 60 டிகிரி செல்சியஸ் இருக்கணும். காத்தோட சூடு இல்லை, கல்லோட சூடு. அதே பெட்டியோட மறுமுனை 25 டிகிரி பக்கம் இருக்கணும். உடும்புக்கு உள்ளே ஹீட்டரும் கிடையாது, ஏ.சி.யும் கிடையாது. நடந்து போய்த்தான் உடம்பு சூட்டை ஏத்தும், இறக்கும். மூணடித் தொட்டியில் ஒரு மூலையை 60 ஆக்கினா மறு மூலையும் வெந்துடும். பயந்துபோய் பல்பைக் குறைச்சா எந்த மூலையிலும் சூடு பத்தாது. எந்த பல்பு போட்டாலும் இதைச் சரிபண்ண முடியாது. தூரம் வேணும், அவ்வளவுதான்.

அடுத்தது மண். பெரும்பாலானவங்க கோட்டை விடறது இங்கேதான். சவானான்னதும் பாலைவனம்னு நினைச்சு காஞ்ச சீவலைக் கொட்டறாங்க. மேலே காஞ்சிருக்கும், ஆனா உடும்பு வாழறது பொந்துக்குள்ளே, அங்கே ஈரம் இருக்கும். டேனியல் பென்னட் கானாவில் பல காலம் இந்த உடும்புகளை ஆராய்ச்சி பண்ணினவர். அவர் பார்த்த குஞ்சுகள் பெரிய சில்வண்டுகள் தோண்டின வளைக்குள்ளே குடியிருந்தன. தின்றதும் பெரும்பாலும் சில்வண்டு, மரவட்டை மாதிரி பூச்சி பொட்டுதான். எலி இல்லை.

ஆக, தோண்டினா இடியாத, லேசா ஈரமான மண் ரெண்டடி ஆழத்துக்கு வேணும். மேலே கம்பிவலை மூடி, கீழே காஞ்ச சீவல், நடுவில் சூடான பல்பு. இது வீடா? கருவாடு காயவைக்கிற ஏற்பாடு! இருக்கிற ஈரத்தையெல்லாம் பல்பு புகைபோக்கி மாதிரி மேலே இழுத்துட்டுப் போயிடும்.

ஈரம் போனா என்ன ஆகும்? நம்ம வீட்டுப் பல்லி எச்சத்தில் வெள்ளை நுனி பார்த்திருப்பீங்களே, அது யூரிக் அமிலம். உடும்புக்கும் அதேதான். உடம்பில் தண்ணி குறைஞ்சா அது வெளியே போகாம கிட்னியிலும் மூட்டிலும் படிகமா உறையும். மனுஷனுக்கு வர்ற அதே கவுட். எலிக் கொழுப்பும் சூடு பத்தாத பெட்டியும் சேர்ந்தா ஈரலும் காலி. பெண் உடும்புக்கு இன்னொரு கொடுமை. ஆண் இல்லாமலே முட்டை வைக்கும். தோண்ட மண் இல்லைன்னா முட்டை உள்ளேயே தங்கி உயிர் போகலாம்.

என் டீமில் ஒரு பையன் வாங்கினான். கடையில் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செஞ்சான். அதே தொட்டி, அதே சீவல், அதே எலி. "எவ்வளவு சாது தெரியுமா, மடியில் வெச்சா அசையாம தூங்குது"ன்னு போட்டோ காட்டுவான். ஒன்றரை வருஷத்தில் செத்துப் போச்சு. டாக்டர் அறுத்துப் பார்த்தப்போ கிட்னி முழுக்க சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை. ஒழுங்கா வெச்சா பத்து வருஷத்துக்கு மேல இருக்க வேண்டிய உயிர். அவன் அழுதான். கடையில் கேட்டதுக்கு "சில குஞ்சுங்க அப்படித்தான் சார்"னு சொல்லிட்டு அடுத்த குஞ்சை எடுத்துக் காட்டினாங்களாம்.

அந்த "சாது"வைத்தான் என்னால ஜீரணிக்கவே முடியலை. சூடா, ஆரோக்கியமா இருக்கிற உடும்பு மடியில் தூங்காது. தோண்டும், மோப்பம் பிடிக்கும், ஓடும், உஸ்ஸுன்னு சீறும். அசையாம கிடக்கறதை அன்புன்னு நினைக்கிறோம். பாதி நேரம் அது நோய்.

"அப்போ பணக்காரன்தான் வளர்க்கணுமா?"ன்னு பின்னூட்டத்தில் வருவீங்க, தெரியும். பணம் ரெண்டாவது. கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டுக்கு நாலு பெட்டியில் ரெண்டடி மண்ணுன்னா 64 கன அடி. ஈரமண் கன அடிக்கு 80 பவுண்டுன்னு வெச்சாலும் 5120 பவுண்ட், ரெண்டு டன்னுக்கு மேல. ஒரு சதுர அடிக்கு 160 பவுண்ட். அமெரிக்க வீட்டுத் தளத்தைப் பொதுவா சதுர அடிக்கு 40 பவுண்ட் பாரத்துக்குத்தான் டிசைன் பண்றாங்க. நாலு மடங்கு! ரெண்டாவது மாடி அபார்ட்மெண்டில் இதை வெச்சா உடும்போட சேர்ந்து நீங்களும் கீழ்வீட்டுக்காரர் மடியில் இறங்குவீங்க :-) தரைத்தளத்தில் கான்கிரீட் மேலே, சொந்த இடம்னா சரி. என்னை மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் மாறற, விசா கையில் பிடிச்ச கூட்டத்துக்கு இது சரிப்படுமா?

"பெரிசானா யாருக்காவது கொடுத்துடலாம், இல்லை வெளியே விட்டுடலாம்." இது அடுத்த வசனம். ஃபுளோரிடாவில் கேப் கோரலில் 1990 வாக்கிலிருந்து நைல் உடும்பு காட்டில் குடும்பம் நடத்துது. செல்லப் பிராணி வியாபாரத்தில் வந்ததுதான். கடைசியில் 2021ல் அந்த மாநிலம் நைல் உடும்பைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. யாரோ கதவைத் திறந்து விட்டதுக்கு அங்கத்திய பறவை முட்டைகள் விலை கொடுக்குது.

ஆசை அடங்கலையா? ஆஸ்திரேலியாவின் முள்வால் உடும்பு இருக்கு, 'ஆக்கி'ன்னு செல்லப்பேர். ரெண்டடி பக்கம்தான் வளரும். ஆஸ்திரேலியா வியாபாரத்துக்கு ஊர்வன ஏற்றுமதி பண்ண விடாததால், இங்கே விக்கறது கூண்டில் பிறந்ததுதான். விலை அதிகம். அதுக்கும் அதே சூடு, அதே ஆழ மண் வேணும், பரப்பு மட்டும் குறைவு. ஆனா முதல்ல பெட்டி. ஒரு மாசம் காலியா ஓட்டி, சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் அளந்து, மண் இடியாம நிக்குதான்னு பார்த்து, அப்புறம் பிராணி. நாம சர்வரை டெஸ்ட் பண்ணாம லைவ் போவோமா? இது உயிருங்க.

அடுத்த முறை யாராவது கடையில் "புதுசா வளர்க்கறவங்களுக்கு ஏத்தது"ன்னு சொன்னா ஒரே கேள்வி கேளுங்க: "மண் எத்தனை அடி?" அவர் முழிச்சா வந்த வழியே வெளியே வந்துடுங்க.

டிஸ்கி: "என் உடும்பு தொட்டியில் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றவங்க, அது எத்தனை வருஷமா இருக்குன்னும் சேர்த்து எழுதுங்க. சண்டையை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.