ஒளிப்புள்ளிகளில் உயிர்ச் சலனம்

கும்மிடிப்பூண்டி முதல் திருவள்ளூர் வரையுள்ள ஊர்களில் ஆடி பிறந்துவிட்டால், அம்மன் உத்ஸவத்திற்கென்று தெருமுனையில் சவுக்குக் கம்பங்களை நட்டு, சின்னஞ்சிறு விளக்குகளாலேயே இழைத்த அம்பிகையின் உருவத்தை அவற்றின்மீது ஏற்றி நிறுத்துவது வழக்கம்; சிப்காட் ஆலைகளில் இரண்டாம் ஷிப்டு முடித்துத் திரும்பும் தொழிலாளரும், பெரியபாளையத்துப் பவானியம்மனுக்குப் பிரார்த்தனை செலுத்தச் செல்லும் குடும்பங்களும் அண்ணாந்து பார்க்கும் இச்சித்திரங்களை வெறும் அலங்காரமென்று ஒதுக்காமல், கலையாகவே கருதிப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முன்னாளில் சீரியல் செட்காரர் செப்புத் தகடு பதித்த உருளையை மோட்டாரால் சுழற்ற, தகடு பட்ட வரிசை எரிந்தும் படாத வரிசை அணைந்தும் அம்மன் கை உயர்த்துவது போன்ற தோற்றம் உண்டாயிற்று. இன்றைய பிக்சல் விளக்கிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் தனியே ஒரு சில்லு இருப்பதால், எந்தப் புள்ளி எந்தக் கணத்தில் எந்த வர்ணத்தில் எரிய வேண்டும் என்பதைக் கணினியில் வரைந்து, எஸ்டி கார்டில் ஏற்றிக் கண்ட்ரோலரில் செருகிவிட்டால் போதும். சாதனம் இவ்வளவு வளர்ந்தும் உருவத்தில் ஜீவன் வளரவில்லை. குறைந்திருக்கிறது என்றே சொல்வேன். கிரீடம் சுழல்கிறது, சூலம் மின்னுகிறது, சேலையில் வானவில் ஓடுகிறது. எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே வேகத்தில் நிகழ்வதால், எங்கே நோக்குவதென்று அறியாத கண் களைத்துத் திரும்புகிறது.

உயிருள்ள எதுவும் அப்படி அசைவதில்லை. கையை உயர்த்துமுன் தோள் சற்றே தாழ்கிறது. கை உச்சியை அடைந்து நின்ற பிறகே கழுத்து மாலை ஆடி ஓய்கிறது. விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடும் சினிமாவிலும் கைச்சித்திரக்காரர்கள் பெரும்பாலும் 12 சித்திரங்களையே வரைந்து, ஒவ்வொன்றையும் இரண்டு பிம்பங்களுக்கு நிறுத்தினார்கள். கண்ட்ரோலரிலும் எத்தனை ஃபிரேம் என்பதைவிட எது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். அம்மன் முகத்தை மூன்று விநாடி அசையாமல் வைத்து, இமைப் புள்ளிகளை மட்டும் ஒரு கணம் மூடித் திறந்து, அடுத்த இமைப்பை ஐந்து விநாடி கழித்தும் அதற்கடுத்ததை இரண்டே விநாடியிலும் வைத்துப் பாருங்கள்; பதினாயிரம் புள்ளிகளின் மினுமினுப்பு தராத ஒன்றைப் பத்துப் புள்ளிகள் தந்துவிடும்.

தைவானின் தைப்பே நகரில் 1999ஆம் ஆண்டில் பாதசாரிகளுக்கென வைத்த சைகை விளக்கில் நடக்கும் பச்சை மனிதனுக்கு முகமில்லை. உள்ளவை ஏழே ஃபிரேம்கள். ஆயினும் நேரம் குறையக் குறைய அவன் நடை ஓட்டமாக மாறும்போது, அவனுக்கு ஏதோ அவசரம் என்று மனம் நம்பிவிடுகிறது. உயிருள்ள அசைவைப் பார்த்தே வரைவதற்கும் முன்மாதிரி உண்டு. 1989இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ என்னும் கணினி விளையாட்டை ஆக்கிய ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை ஓடவும் குதிக்கவும் செய்து படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்தே தம் நாயகனை வரைந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தத் திருவள்ளூர் ஜில்லாவிலேயே திருவாலங்காடு இருக்கிறது. அங்கே கிடைத்து, இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடராஜத் திருமேனியைச் சுற்றித் தீச்சுடர் வட்டம்கூட இல்லை. எனினும் பிரெஞ்சுச் சிற்பி ரொடான் 1913ஆம் ஆண்டில் அதன் புகைப்படங்களைப் பார்த்தே பரவசத்தோடு எழுதினார் என்றால், உடலெல்லாம் தாண்டவத்தில் வளைந்திருக்க முகம் மட்டும் சாந்தத்தில் நிலைத்திருக்கும் அந்த அமைதியே காரணமென்று நான் நம்புகிறேன். நிற்க வேண்டியது நின்றால்தான் ஆடுவது தெரியும்.

உத்ஸவக் கமிட்டியார் எத்தனை அடி உயரம், எத்தனை ஆயிரம் புள்ளி என்று கேட்டு விலை பேசும்வரை, விளக்குக்காரரைக் குறை கூறுவது நியாயமன்று. அடுத்த ஆடிக்கு முன்பணம் கொடுக்கையில், உயரத்தில் நாலடியைக் குறைத்து, அந்தத் தொகையை உருவம் வரையும் இளைஞனுக்குப் பத்து நாள் கூலியாகத் தரலாம். அவன் தெருக்கூத்து ஆடுபவரையோ கரகம் ஆடுபவரையோ அவர்கள் சம்மதத்தோடு கைப்பேசியில் படம்பிடித்து, பாதம் எப்போது தரையைத் தொடுகிறது, முந்தானை எவ்வளவு பிந்தி விழுகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரையட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் வயரிங் கற்பிக்கும் ஆசிரியர்களும் இந்தப் பாடத்திற்கு ஒரு வாரம் ஒதுக்கலாம்.