காயம் தந்த வாய்ப்பு



2025 ஐபிஎல்லில் 14 ஆட்டங்களில் நான்கே வெற்றியோடு சென்னை சூப்பர் கிங்ஸ் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. 'பழைய ஆட்களை மொத்தமாக அனுப்புங்கள்' என்று எங்கள் ஊர் டீக்கடையிலும் பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018-ல் முப்பதைத் தாண்டியவர்களை நம்பித்தானே இதே அணி கோப்பையை வாங்கியது?

என் வருத்தம் வேறு. கடைசிக் கட்டத்தில் அணிக்கு உயிர் கொடுத்த ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் மூவருமே காயம்பட்டவர்களுக்கு மாற்றாக வந்தவர்கள். கேப்டன் ருதுராஜின் முழங்கையில் அடிபடாமல் இருந்திருந்தால், பெங்களூருவில் 48 பந்தில் 94 ரன் விளாசிய 17 வயது மாத்ரே அன்று டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஏலத்திலேயே எடுத்த நம்மூர்ப் பையன் ஆந்த்ரே சித்தார்த்துக்கோ ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில், தோற்கும் அணிகளுக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை உண்டு. ஐபிஎல்லில் அந்தச் சலுகை கிடையாது; கையில் இருப்பவர்களை ஆடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பிளே ஆஃப் வாய்ப்பு பறிபோன பிறகாவது தோனி ஓரிரு ஆட்டம் ஒதுங்கி, சித்தார்த்தை இறக்கியிருக்கலாம். கீப்பிங்குக்குத்தான் உர்வில் இருந்தாரே!

- ஒரு வாசகர், கோட்டக்குப்பம்