ஆயில் கூலருக்குப் பெட்ரோல் ட்யூபா?

டிஸ்கி: மெக்கானிக் அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாதித் திட்டு வண்டி வைத்திருக்கும் நமக்குத்தான் :-)

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பழைய பல்சர் 220-க்கு இன்னும் மவுசு குறையவில்லை. 2007-ல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்து, 2009-ல் கார்புரேட்டருக்கு மாறி, 2022-ல் நிறுத்தப்பட்டு, மறு வருடமே திரும்பி வந்த வண்டி. ஊரில் ஓடுவதெல்லாம் இரண்டு மூன்று கை மாறியவை. போர்ஷே வாங்க வக்கில்லாத நமக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினுக்கு முன்னால் குட்டி ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருக்கும் பாருங்கள், அதுதான் ஆயில் கூலர். அதற்குப் போய் வரும் இரண்டு ஹோஸ்கள்தான் இன்றைய பஞ்சாயத்து.

பத்து வருடத்தில் அந்த ரப்பர் வெடித்துக் கசிய ஆரம்பிக்கும். உடனே ஒரு வைத்தியம் சொல்வார்கள். "ரெண்டடி பெட்ரோல் ட்யூப் வாங்கு, ரெண்டு கிளிப் போடு, பத்து நிமிஷ வேலை." எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான்.

பெட்ரோல் ட்யூபுக்கு என்ன வேலை? டேங்கில் இருந்து தானாக இறங்கும் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குக் கொண்டு போவது. அழுத்தம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது, சூடும் கிடையாது. கூலர் ஹோஸில் ஓடுவதோ பம்ப் தள்ளும் ஆயில். மே மாதத்தில் அது நூறு டிகிரியை எளிதாகத் தாண்டும். ரப்பர் இளகும், கிளிப் கடிக்கும், ஒருநாள் நழுவும். அது வீட்டு வாசலில் நழுவாது மக்களே, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி எண்பதில் போகும்போதுதான் நழுவும். கூலர் முன்னால் இருப்பதால் ஆயில் காற்றில் பின்னால் அடிக்கும். காலில், சைலன்சரில், கடைசியாகப் பின் டயரில். ஆயில் பட்ட டயரோடு அந்த வேகத்தில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. விழாமல் தப்பினாலும், அந்த எஞ்சினில் மொத்தமே ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டிய ஆயில்தான். அது காலியாக எவ்வளவு நேரம் ஆகும்?

கறுப்பாக இருக்கும் எல்லா ரப்பரும் ஒன்று என்ற நினைப்பும் இருக்கிறது. கார் ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ் எல்லாம் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர். தண்ணீருக்கும் பிரேக் ஆயிலுக்கும் அருமையானது. எஞ்சின் ஆயில் பட்டால் ஊறி உப்பிப் போய்விடும். ஆயிலுக்கு நைட்ரைல் வகையோ அதைவிட மேலானதோ வேண்டும்.

அடுத்த கோஷ்டி, "நம்ம ஊர் ஸ்பீடுக்குக் கூலரே வேண்டாம், பைபாஸ் பண்ணிடு" கோஷ்டி. நான்குமுனை சந்திப்பு நெரிசலில் நிற்கும்போது கூலரால் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது உண்மைதான். அதற்கு ஃபேன் கிடையாது, காற்று பட்டால்தான் வேலை. ஆனால் அதே வண்டியில்தானே திண்டிவனம் வரை நாற்பது கிலோமீட்டர் நாற்கரச் சாலையில் முறுக்குகிறீர்கள்? கூலர் வைத்ததே அதற்குத்தான். கம்பெனிக்காரன் அழகுக்கா காசு செலவழித்து வைத்தான்?

சரி, எதைத்தான் போடுவது? ஒரிஜினல் கிடைத்தால் அதுதான். ஆனால் ஒரிஜினல் என்ற ஸ்டிக்கரைக் கும்பிடாதீர்கள். ஐந்தாறு வருடம் கடை மேல்தட்டில் காய்ந்த ரப்பரும் ஒரிஜினல்தான். மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கிடைக்காவிட்டால் நம்மிடம் சென்னைக்காரனுக்குச் சளைக்காத வசதி ஒன்று இருக்கிறது. ஜேசிபி, டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்யும் கடைகள். கிளிப்பை விட பிரஸ் செய்த முனை ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி. "ஜேசிபிக்கே தாங்குது தம்பி, பைக்குக்குத் தாங்காதா?" என்பார் கடைக்காரர். அழுத்தத்தைத் தாங்கும், சந்தேகமே இல்லை. கால் இஞ்ச் ஹோஸ் இருநூறு பாருக்கு மேல் தாங்கும், நம் பம்ப் தருவதோ சில பார்தான். பிரச்சினை சூடு. 100ஆர்1 என்று மேலே அச்சடித்திருக்கும் சாதா ஹோஸுக்கு நூறு டிகிரிதான் எல்லை. நம் ஆயில் அந்த எல்லையிலேயே நின்று குதிக்கும். அதனால் அதிக சூடு தாங்கும் ரகம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள், அச்சைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய ஹோஸையும் கையோடு கொண்டு போங்கள். உள்ளே கம்பி வைத்த ஹோஸ் விறைப்பானது. நீளம் ஒரு இஞ்ச் குறைந்தாலும் கூலரின் அலுமினியக் கழுத்தை நெம்பி உடைத்துவிடும்.

பளபள ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வாங்கும் பணக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்னல் வெளியே தெரிவது, ஆயில் படுவது உள்ளே. உள்ளே டெஃப்லான் என்றால் சூட்டுக்குப் பயமில்லை. மட்ட ரப்பர் என்றால் பளபளப்புக்குத்தான் காசு கொடுத்தீர்கள். தவிர, அந்தப் பின்னல் ஃப்ரேமில் உரசினால் அரம் மாதிரி பெயின்ட்டையும் இரும்பையும் தின்னும்.

போர்ஷே என்றதும் ஞாபகம் வருகிறது. காற்றால் குளிரும் பழைய 911-ல் எஞ்சின் பின்னால், கூடுதல் ஆயில் கூலர் முன்னால். லைன் கிட்டத்தட்ட வண்டி நீளத்துக்கு ஓடும், அதில் பெரும்பகுதி உலோகக் குழாய். அதைக் கழற்றிவிட்டு ஹோஸ் போடலாமா என்று வெளிநாட்டில் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். கோடி ரூபாய் வண்டிக்காரனுக்கும் நமக்கும் ஒரே தலைவலி :-)

ஹோஸ் மாற்றும்போது பான்ஜோ போல்ட் இருக்கும் இடத்தில் எல்லாம் இரண்டு பக்கமும் புதுக் காப்பர் வாஷர் போடச் சொல்லுங்கள். பழையதையே போட்டுவிட்டு, கசிகிறது என்று ஸ்பேனரில் தொங்கினால் அலுமினியத்தின் மரை போய்விடும். மாட்டியதும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, துணியால் துடைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை.