வெக்கை நோயை வென்ற நாட்டில்

2022இல் தோல் கழலை நோய் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களைத் தாக்கி வட இந்தியா முழுவதும் பரவியபோது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. இது ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. இவற்றில் ஏறத்தாழ சரிபாதி ராஜஸ்தானில் மட்டும் மடிந்தவை. இந்நோய் திடீரென வந்து இறங்கியதன்று. 2019லேயே ஒடிசாவில் இது கண்டறியப்பட்டுவிட்டது. மூன்று ஆண்டு அவகாசம் இருந்தும் பெருந்தொற்று வந்த நாளில் அரசின் கையில் இருந்தது ஆட்டம்மைத் தடுப்பூசி மட்டுமே. அரசு ஆய்வு நிறுவனங்கள் இந்நோய்க்கென உருவாக்கிய தடுப்பூசி 2022 ஆகஸ்டில் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டில் அது தொழுவங்களை எட்டவில்லை.

இதற்குப் பின்னர் கால்நடை வளர்ப்போருக்கு அறிவுரைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. தொழுவத்தைத் தூய்மையாக வைத்திருங்கள், பதிவேடு எழுதுங்கள், காப்பீடு செய்யுங்கள், வளர்ப்பு முறையை ஆண்டுதோறும் மேம்படுத்தித் தாங்குதிறனை வளர்த்துக்கொள்ளுங்கள் என்கின்றனர். இவற்றில் எதுவும் தவறன்று. ஆனால் தோல் கழலையைச் சுமந்து செல்வது கொசுவும் கடிக்கும் ஈயும் உண்ணியும். அவை வேலியைப் பார்த்துத் திரும்பிச் செல்வதில்லை. நிலமற்ற ஒரு தொழிலாளர் குடும்பம் தனது இரண்டு மாடுகளை எவ்வளவு கருத்தாகப் பராமரித்தாலும், அண்டை ஊரில் தடுப்பூசி போடப்படாவிட்டால் அதன் உழைப்பு வீணே.

தொடர்ச்சியான மேம்பாடு என்பது உண்மையில் எப்படி இருக்கும் என்பதை இந்நாடு ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. மாட்டு வெக்கை நோய் நூற்றாண்டுக் கணக்கில் உழவர்களை ஓட்டாண்டிகளாக்கிய கொடும் நோய். 1920களில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் அதற்கான தடுப்பூசி உருவானது. 1954இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட்டும் நோய் முற்றாக ஒழியவில்லை. அப்போது அரசு உழவர்களைக் குறை கூறவில்லை. தனது திட்டத்தைத்தான் திருத்திக்கொண்டது. 1980களில் நிலைமை மறு ஆய்வு செய்யப்பட்டது. நோய் எங்கே பதுங்கியிருக்கிறது, மந்தைகள் எந்த வழியாக நகர்கின்றன என்பது தேடப்பட்டது. ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று விசாரித்தனர். 1995க்குப் பின் ஒரு பாதிப்புகூட இல்லை. அதன் பிறகும் கண்காணிப்பு கைவிடப்படவில்லை; தடுப்பூசியை நிறுத்திவிட்டு, கிருமி எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என ஆண்டுக்கணக்கில் தேடினர். 2011இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பொது நிறுவனங்களின் தடுப்பூசியும், நிரந்தர ஊழியர்களும், தவற்றிலிருந்து கற்றுக்கொண்ட நிர்வாகமும் ஈட்டிய வெற்றி அது.

அந்தக் கட்டமைப்புதான் இன்று நலிந்து கிடக்கிறது. ஐயாயிரம் கால்நடைகளுக்கு ஒரு மருத்துவர் தேவை எனத் தேசிய வேளாண் ஆணையம் 1976லேயே கூறியது. மருத்துவர் பணியிடங்கள் இன்றும் பல மாநிலங்களில் நிரப்பப்படாமலேயே உள்ளன. 2019இல் 13,343 கோடி ரூபாயில் தொடங்கப்பட்ட நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் குறிவைத்தது. மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண் தொங்குகிறது. நோயுற்ற மாட்டைப் பார்க்க மருத்துவர் வருவாரா என்பதற்கு அந்த எண்ணில் விடையில்லை. காப்பீட்டில் உரிமையாளரின் பங்கு 2024இல் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. எனினும் இறந்த மாட்டுக்குச் சான்று தரவும் மருத்துவர் வேண்டுமே!

பசு அரசியலின் பங்கையும் பேசாமல் இருக்க இயலாது. பால் வற்றிய மாட்டை விற்றுக் கிடைக்கும் பணமே அடுத்த கறவை மாட்டுக்கான முதலீட்டின் ஒரு பகுதி. மந்தையை மேம்படுத்த ஏழை உழவரிடம் இருந்த வழி அதுதான். 2017இல் மோடி அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள் அவ்வழியை அடைக்க முயன்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த தடையை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது. ஆனால் பாஜக ஆளும் மாநிலங்களின் சட்டங்களும், நெடுஞ்சாலைகளில் பசுக் குண்டர்கள் நடத்தும் வன்முறையும் நீதிமன்றத் தடைக்குக் கட்டுப்படவில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் கேட்பாரற்றுத் திரிந்த மாடுகள் 50 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ பாதி ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும். இரவெல்லாம் வயலில் காவல் கிடக்கும் உழவருக்கு இதன் பொருள் தெரியும். உரிமையாளர் அற்ற மாட்டுக்கு யார் ஊசி போட்டது, அது எந்த ஊர் மந்தையோடு கலந்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

ஒன்றிய, மாநில அரசுகள் காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். பொதுத்துறை ஆய்வுக்கூடங்களிலேயே தடுப்பூசி உற்பத்தியை விரிவாக்க வேண்டும். தொற்றில் மாடு இழந்த குடும்பத்துக்குக் காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு வழங்க வேண்டும். இக்கோரிக்கைகளை விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும், தொழுவ வேலையின் பெரும்பகுதியைச் சுமக்கும் பெண்களைத் திரட்டி, பால் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களிலேயே எழுப்ப வேண்டும். கடைசியாகத் தடுப்பூசி போடப்பட்ட நாள், மருந்தகத்தில் காலியாக உள்ள இடங்கள், இழப்பீடு கிடைக்காத குடும்பங்கள் ஆகிய விவரங்களைக் கட்சிக் கிளைகள் ஊர்தோறும் திரட்டி, அடுத்த பருவமழைக்கு முன்பாக மாவட்ட நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும்.